எலி பிடிக்கலாம், குரங்கைப் பிடிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் மின்பணியாளராக இருக்கிறேன். அமெரிக்காவில் வீட்டுக் கூரைக்குள் புகும் ரக்கூன், அணில், ஸ்கங்க் போன்றவற்றைக் கூண்டு வைத்துப் பிடித்துக் கொடுத்து, பகுதிநேரமாகவே நல்ல வருமானம் பார்ப்பவர்களின் காணொளிகளைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். எங்கள் பகுதியிலும் எலி, மரநாய், பாம்பு, குரங்கு என்று தொல்லைக்குக் குறைவில்லை. நாலைந்து கூண்டுகள் வாங்கி, மாலை நேரங்களில் இதைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் நான்கு உயிரினங்களில் எலி ஒன்றைத் தவிர மற்ற மூன்றையும் உங்கள் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள். கூண்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே இது தெளிவாக வேண்டும் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு விலங்கைக் கொல்வது மட்டும் வேட்டை ஆகாது. பிடிப்பது, பொறி வைப்பது, கண்ணி வைப்பது, விரட்டி ஓட்டுவது, இரை வைத்து வரவழைப்பது, இவற்றில் எதையேனும் செய்ய முயல்வது ஆகிய அனைத்துமே வேட்டைதான். அந்தச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியல்களில் உள்ள விலங்கைக் கூண்டில் பிடித்து, ஒரு கீறல்கூடப் படாமல் பத்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும் சட்டத்தின் முன் அது குற்றமாகவே நிற்கும். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், பொதுவான மீறல்களுக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. முதல் பட்டியலில் உள்ள விலங்கானால் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. நம் ஊர்களில் தொல்லை என்று பலரும் குறைபட்டுக்கொள்ளும் மயில், உடும்பு, நல்ல பாம்பு மூன்றும் அந்த முதல் பட்டியலில்தான் இருக்கின்றன. குரங்கைப் பிடிக்க ஊராட்சியோ குடியிருப்போர் சங்கமோ உங்களை அழைத்தாலும், அதற்கான அனுமதியைத் தரும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அது வனத்துறையிடம் இருக்கிறது. அழைத்தவர் பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளப் பார்ப்பார், வழக்கு முதலில் கூண்டு வைத்தவர்மேல்தான் வரும்.

நீங்கள் பார்க்கும் அமெரிக்கக் காணொளிகளில் வருபவர்களும் நினைத்தபோது கூண்டு தூக்கிக்கொண்டு கிளம்பியவர்கள் அல்லர். அங்கே வனவிலங்கு ஒவ்வொரு மாநிலத்தின் பொறுப்பு. நியூயார்க் போன்ற மாநிலங்களில் தேர்வு எழுதித் தேறி, உரிமம் பெற்ற பிறகே கட்டணம் வாங்கிக்கொண்டு விலங்கு பிடிக்கலாம். எந்த விலங்கை எங்கே விடலாம், எதை விடவே கூடாது, வைத்த பொறியை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதெல்லாம் விதியாகவே இருக்கிறது. வெறிநோய் பரப்பக்கூடிய ரக்கூன், ஸ்கங்க், வௌவால் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. காணொளியில் நாம் பார்ப்பது பத்து நிமிட வேலையை மட்டும்தான்.

இனி எலிக்கு வருவோம். வீட்டெலி, சுண்டெலி, பெருச்சாளி, வயலெலி ஆகியவை பாதுகாக்கப்பட்ட பட்டியல்களில் இல்லை. இவற்றைப் பிடிப்பதற்கு வனத்துறை அனுமதி தேவையில்லை. நீங்கள் இருக்கும் மண்ணிலேயே இந்தத் தொழிலுக்கு நெடுங்கால மரபு ஒன்று இருக்கிறது. மூங்கில் பட்டையை வில்லாக வளைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டி, நடுவே அரிசியோ பொரியோ இரையாக வைக்கும் தஞ்சாவூர்க் கிட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எலி இரையைத் தொட்ட அடுத்த கணம் வில் விடுபட்டு அதை இறுக்கிவிடும். ஒரு ஹெக்டேருக்கு 100 கிட்டி என்று வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கும் அளவுக்கு இது பலன் தரக்கூடியது. பொழுது சாயும்போது வரப்போரம் கிட்டிகளை வைத்து, விடிந்ததும் எடுத்து, எலிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்கும் தொழிலாளர்கள் உங்கள் பக்கத்து ஊர்களிலேயே இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் ஒரு பருவம் முழுக்க உடன் சென்று கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் யோசனை. கற்றுத் தருபவருக்கு அந்த நாட்களுக்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

அவர்களிடம் கற்க வேண்டியது கிட்டி கட்டும் விதத்தைவிட, எலி இருக்கும் இடத்தை அறியும் விதம். வரப்பில் இருபது வளை தெரிந்தால் இருபதிலும் எலி இருக்கும் என்று எண்ணக் கூடாது. மாலையில் எல்லா வாய்களையும் மண்ணால் அடைத்துவிட்டு வந்தால், மறுநாள் காலையில் எவை திறந்து கிடக்கின்றனவோ அவையே எலி குடியிருக்கும் வளைகள். வாயோரம் ஈரம் காயாத புதுமண் குவியல் கிடந்தால், அது வயலில் பெருஞ்சேதம் செய்யும் சிறு பெருச்சாளியின் வேலை. அந்த வளைக்குள் கதிர்களை அறுத்துக் கொண்டுபோய்ச் சேமித்தும் வைத்திருக்கும். காலமும் முக்கியம். பயிர் பொதி கட்டிய பிறகு எலியைத் துரத்துவதில் உழைப்பு அதிகம், பலன் குறைவு. அறுவடை முடிந்து வயல் வெறுமையாகிக் கோடையில் எலிகள் வரப்புகளில் ஒண்டியிருக்கும் நாட்களில், பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து ஒரே வாரத்தில் இதைச் செய்தால், அடுத்த பருவத்தின் சேதம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். ஒரு வயலில் மட்டும் பிடித்தால், ஏறத்தாழ மூன்று வாரச் சினைக்காலம் கொண்ட இந்த உயிரினம் பக்கத்து வரப்பிலிருந்து வந்து இடத்தை நிரப்பிவிடும். ஆகவே தனி விவசாயியிடம் பேசுவதைவிட, உழவர் உற்பத்தியாளர் குழுவிடமோ ஒரு வாய்க்கால் பாசனத்தில் உள்ள எல்லோரிடமுமோ சேர்த்துப் பேசி வேலையை எடுப்பது உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. அகலமான வரப்பு எலிக்கு வீடு என்பதையும் அப்போதே எடுத்துச் சொல்லி, வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் என்ற அளவுக்குள் சிறுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

வீட்டு வேலையில் உங்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஓர் அனுகூலம் இருக்கிறது. நீங்கள் மின்பணியாளர், சுவரில் எங்கெல்லாம் துளை போட்டிருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். குளிர்சாதனக் கருவியின் (ஏ.சி.) குழாய் வெளியேறும் துளை, கேபிள் நுழையும் துளை, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் விட்டுவைத்த இடைவெளி, சமையலறைத் தொட்டியின் கழிவுக்குழாயைச் சுற்றியுள்ள பிளவு ஆகியவைதான் எலியின் வாசல்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். வளர்ந்த எலிக்கு 12 மில்லிமீட்டரே தாராளம். பலர் இந்தத் துளைகளைப் பஞ்சு நுரையை அடித்து மூடிவிடுகிறார்கள். எலி அதை ஓர் இரவில் கொறித்துத் தள்ளிவிடும். துளைக்குள் கம்பி வலையை நெருக்கமாகத் திணித்து அதன்மேல் சிமெண்ட் பூசுவதே நிலைக்கும். சுவரோரமாக எண்ணெய் பிசுக்குப் படிந்த கருங்கோடு தெரிகிறதா, புழுக்கை எங்கே குவிந்திருக்கிறது, எந்த வயரில் புதிய பல்தடம் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே பொறி வைக்க வேண்டும். புதிய பொருளைக் கண்டால் வீட்டெலி சில நாள் ஒதுங்கியே போகும் என்பதால், பொறியை விசை பூட்டாமல் கருவாடோ தேங்காய்ச் சில்லோ வைத்து இரண்டு மூன்று இரவு பழக்கிவிட்டு, பிறகு பூட்டுங்கள்.

உள்ளே இருப்பதைப் பிடித்து முடித்த பின் வழியை அடைத்துக் கொடுப்பதுதான் வாடிக்கையாளர் உங்களுக்குத் தர வேண்டிய பணத்தின் பெரும்பகுதிக்கு உரிய வேலை. எலியை மட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டு வருபவரை மூன்று மாதத்தில் திரும்பவும் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு நேர்மையானது அல்ல, நீடிப்பதும் அல்ல.

பிடிபட்ட எலியைக் கூண்டோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்துவது பல வீடுகளில் வழக்கம். அது நெடுநேரம் துடித்துச் சாகும் சாவு. தொழிலாகச் செய்பவர் அதைச் செய்யக் கூடாது. கொல்வதுதான் நோக்கம் என்றால், ஒரே அடியில் முடிக்கும் நல்ல விசைப்பொறியையே பயன்படுத்துங்கள். கையுறையும் முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியும் இல்லாமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்தும் நீரிலிருந்தும் எலிக்காய்ச்சல் வரும். காலில் சிறு கீறல் இருந்தாலே போதும். வேலைக்குப் பின் ஒரு வாரம் பத்து நாளில் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மருத்துவரிடம் எலி வேலைக்குப் போனதை நீங்களாகவே முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: பொறி வைத்துக் காத்திருப்பதைவிட எலி மருந்து வைத்தால் ஒரே இரவில் வேலை முடியுமே. மருந்தும் கடையில் கிடைக்கிறது. அதையே தொழிலாகச் செய்தால் என்ன?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் வீட்டுக்கு நீங்கள் மருந்து வாங்கி வைப்பதும், கட்டணம் வாங்கிக்கொண்டு இன்னொருவர் வீட்டில் வைப்பதும் ஒன்றல்ல. பின்னதற்குப் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இன் கீழ் உள்ள விதிகளின்படி, வணிகப் பூச்சிக் கட்டுப்பாட்டாளர் உரிமம் வேண்டும். வேளாண்மையிலோ வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டமும், ஐதராபாத்தில் உள்ள தேசிய தாவர நல மேலாண்மை நிறுவனம், மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றும் இருந்தால்தான் அந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியும். பட்டம் இல்லாதவர் பொறியோடும் அடைப்பு வேலையோடும் நிற்பதே முறை. அல்லது உரிமம் உள்ளவரிடம் பணியாளராகச் சேரலாம்.

இந்த விதி வெறும் காகிதம் அல்ல. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் எலிக்காக வைக்கப்பட்ட மருந்தின் நச்சு காற்றில் கலந்து, உறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சன்னல்கள் மூடிய குளிர்சாதன அறைக்கு அருகில் எந்த மருந்தை எவ்வளவு வைக்கலாம், அந்த வீட்டார் எத்தனை நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதை அறியாத கை அந்தப் பொட்டலத்தைத் தொடவே கூடாது. அலுமினியம் பாஸ்பைடு போன்ற வாயு மருந்துகள் பொதுமக்கள் கையாள அனுமதிக்கப்பட்டவையே அல்ல. 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. பழைய சரக்கு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

மருந்து தின்ற எலி அலமாரிக்குப் பின்னாலும் பொய்க்கூரைக்குள்ளும் செத்து நாறுவதும், அதைத் தின்ற ஆந்தையும் பூனையும் சாவதும் கூடுதல் துன்பங்கள். ஒட்டுப்பலகையையும் தவிர்த்துவிடுங்கள், பல்லி, அணில், குருவி என்று எதுவும் அதில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது மணிக்கணக்கில் உயிரோடு தவிக்கும். அதற்கு எதிராக இந்திய விலங்கு நல வாரியம் மாநிலங்களுக்கு எழுதியுமிருக்கிறது.

கேள்வி: எங்கள் ஓட்டு வீட்டின் உட்கூரையில் மரநாய் குடியிருக்கிறது, இரவெல்லாம் ஓட்டம், காலையில் துர்நாற்றம். ஒருவர் ஆயிரம் ரூபாய்க்குப் பிடித்துக் கொடுப்பதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. மரநாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடிப்பவர் மட்டுமல்லாமல், பிடிக்கச் சொன்ன நீங்களும் சிக்கலுக்கு ஆளாவீர்கள். அதைப் பிடித்து அகற்றினாலும் ஓட்டில் இடைவெளி இருக்கும்வரை இன்னொன்று வரும்.

கூரைமேல் சாய்ந்திருக்கும் மரக்கிளைகளை முதலில் வெட்டிவிடுங்கள். பிறகு அது எந்த இடைவெளி வழியாகப் போய்வருகிறது என்று பாருங்கள். அங்கே மாவையோ சாம்பலையோ மெல்லத் தூவிவைத்தால் காலடி தெரிந்துவிடும். மரநாய் இருட்டிய பின் இரை தேட வெளியே போகும் என்பதால், அது போன பிறகு அந்த வழியைக் கம்பி வலையால் அடைத்துவிடலாம். ஆனால் குட்டிகள் உள்ளே இருக்கின்றனவா என்று பகலில் காதுகொடுத்துக் கேட்டு உறுதி செய்யாமல் அடைக்கக் கூடாது. குட்டிகள் இருந்தால் அவை தாயோடு வெளியேறும் அளவுக்கு வளரும்வரை சில வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடைத்தால் குட்டிகள் உள்ளே பட்டினியால் சாகும், தாய் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வரப் பார்க்கும். எந்த நிலையிலும் குழப்பமாக இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள்.

மேலே மன்னார்குடி வாசகருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன்: கிளை வெட்டுவதும், ஓட்டிடைவெளி அடைப்பதும், அடுக்குமாடிகளில் புறா வராமல் பால்கனிக்கு வலை கட்டுவதும் எந்த விலங்கையும் கையால் தொடாமல் செய்யக்கூடிய வேலைகள். சென்னையில் புறா வலை கட்டுவது பலருக்கு முழுநேரத் தொழிலாகவே இருக்கிறது. வலை கட்டும் முன் உள்ளே கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று பார்ப்பதும், பறவை சிக்காதபடி வலையைத் தளர்வின்றி இழுத்துக் கட்டுவதும் அந்த வேலையின் தரம்.

கேள்வி: நான் சில வருடங்களாகப் பாம்பு பிடித்துக் காட்டில் விட்டுவருகிறேன். இதுவரை பணம் வாங்கியதில்லை. இனிக் கட்டணம் நிர்ணயித்துத் தொழிலாக மாற்றலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: கட்டணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், நீங்கள் இப்போது செய்துவருவது வனத்துறைக்குத் தெரிந்து நடக்கிறதா என்பதை உறுதி செய்யுங்கள். கேரளத்தில் வனத்துறை 2020 முதல் பயிற்சி கொடுத்து, சான்று பெற்றவர்கள் மட்டுமே பாம்பு மீட்கலாம் என்று ஒழுங்குபடுத்தியிருக்கிறது. உங்கள் மாவட்ட வன அலுவலரைப் பார்த்து, துறையின் பயிற்சியிலும் தன்னார்வலர் பட்டியலிலும் சேர்த்துக்கொள்ளும்படி எழுத்தில் கேளுங்கள். தீயணைப்பு மீட்புப் பணித் துறை 101இல் அழைத்தால் கட்டணமின்றி வந்து பாம்பைப் பிடித்துச் செல்கிறது. அந்த இடத்தில் நீங்கள் விலை வைத்தால், ஏழை வீட்டார் அழைக்கத் தயங்கித் தடியை எடுப்பார்கள். பாம்புக்கும் அவர்களுக்கும் அது ஆபத்து.

உங்கள் மாவட்டத்துக்காரர்களையே எண்ணிப் பாருங்கள். 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டபோது, பாம்பு பிடித்து வாழ்ந்துவந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பு முடங்கியது. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, அரசு அனுமதித்த எண்ணிக்கையில் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சு எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்த நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த நஞ்சு மூலப்பொருளாகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகி மற்ற உயிர்களை அழிக்கும் பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பாம்பு பிடித்துப் பிழைப்பது நம் நாட்டில் சட்டப்படி சாத்தியமாகியிருக்கிறது என்றால், அது உரிமமும் எண்ணிக்கை வரம்பும் கொண்ட இந்தச் சங்கத்தின் வழியில்தான்.

நீங்கள் முறைப்படி கட்டணம் வாங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பாம்பு வரும் வீடுகளில் செங்கல் குவியலை அகற்றுவது, வாசல் கதவின் அடி இடைவெளியை மூடுவது, கழிவுநீர்க் குழாய் வாயில் வலை பொருத்துவது, எலியை ஒழிப்பது. எலி போய்விட்டால் அந்த வீட்டுக்குப் பாம்பு வருவதற்கான பெரிய காரணமும் போய்விடும். பிடித்த பாம்பைக் கழுத்தில் போட்டுக் காணொளி எடுப்பதை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். அது குற்றமும்கூட, பார்க்கும் சிறுவர்களைக் கொல்லவும் கூடும்.

கேள்வி: காட்டுப்பன்றியால் மக்காச்சோளம் முழுவதும் போகிறது. அவுட்டுக்காய் வைப்பவர்களும், மின்வேலி போட்டுத் தருபவர்களும் வருகிறார்கள். இவர்களைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டுமே கூடாது. அவுட்டுக்காய் வெடிபொருள், அதைக் கடித்து வாய் சிதைந்து பல நாள் பட்டினி கிடந்து சாவது பன்றி மட்டுமல்ல, யானையும் மாடும்கூட. கம்பத்திலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்து வேலியில் பாய்ச்சுவதால் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் விவசாயிகளே இறக்கிறார்கள். சூரிய ஒளி வேலியானாலும், 2023இல் வந்த தமிழ்நாடு மின்வேலிகள் பதிவு மற்றும் ஒழுங்குமுறை விதிகளின்படி பதிவு செய்து, அளவு மீறாத மின்துடிப்புக் கருவியோடு அமைக்க வேண்டும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட 2025 தொடக்கத்தில் அரசு அனுமதித்திருந்தாலும், சுடுவது வனத்துறையின் பணி. தனியார் எவரும் அதைத் தொழிலாக எடுத்துச் செய்ய இடமில்லை. சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும் வனச்சரகம் வழியாகவும் இழப்பீட்டுக்கு உடனே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எலி வேலையைத் தொடங்கிவிட்டேன். கட்டணத்தை எப்படி வைப்பது, என்னென்ன பதிவு வேண்டும்?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: வயலில் எலிக்கு இவ்வளவு என்று வாங்குவது வழக்கமாக இருப்பதால் அதையே பின்பற்றுங்கள், பிடித்ததை விவசாயியின் கண் முன்னே எண்ணுங்கள். கிட்டி வைக்கவும் வளை தோண்டவும் இருளர்களையோ மற்ற தொழிலாளர்களையோ அழைத்துச் சென்றால், வேலையைப் பேசி எடுத்தவர் என்ற உரிமையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். வளைக்குள் கிடைக்கும் நெல் தோண்டியவருக்கு உரியது என்ற பழைய வழக்கத்தையும் காப்பாற்றுங்கள்.

வீட்டு வேலைக்கு எலிக்கணக்கு சரிவராது. பார்வையிடுவதற்கு ஒரு சிறு தொகை, பொறி வைத்து எடுப்பதற்கு ஒரு தொகை, துளைகளை அடைப்பதற்குத் துளையின் அளவைப் பொறுத்து ஒரு தொகை என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். அடைக்கும் முன்னும் பின்னும் எடுத்த படங்களை அதனுடன் சேர்த்தால், பிறகு வேறு இடத்தில் புதிதாக வந்த எலிக்கு உங்களைப் பொறுப்பாக்க மாட்டார்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை சரக்கு சேவை வரிப் பதிவு பொதுவாகத் தேவைப்படாது. உங்களுக்கும் உடன் வருபவர்களுக்கும் விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து, கூப்பிடாமலே ஒருமுறை போய் அடைத்த துளைகளை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு நடைக்கான கூலியை முதலிலேயே கட்டணத்தில் சேர்த்துக்கொண்டால் போதும்.